சந்தா ஒரு வண்டி மண்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் தாய்க் கல்லூரியின் மேல் இருந்த பாசத்தால் உருவானது என்று போன வருட ஆண்டு மலரில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் மெட்ராஸில் பேங்க் மேனேஜர். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டார், போகட்டும். நடந்தது வேறு. சாயங்காலம் கல்லூரிக் கேட்டுக்குள் போய் ஹாக்கி விளையாட வேண்டும் என்று முப்பிடாதிக்கு ஆசை. கேட்டைத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். திறக்க வைப்பதற்காகச் சங்கம் ஆரம்பித்தோம். பாசமெல்லாம் பிறகு வந்தது.

முப்பிடாதி எங்கள் கல்லூரியின் ஆரம்ப காலத்தில் பி.ஏ. வரலாறு படித்தவன். நானும் அதே செட்டுதான், பொருளாதாரம். என் பெயர் ராமசுப்பு. இடைசெவலைத் தாண்டி ஒரு சின்ன ஊர் எனக்கு. படித்து முடித்த கையோடு அப்பாவின் காட்டில் பருத்தியும் உளுந்தும் விதைக்கப் போய்விட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பொருளாதாரம் எதற்கு என்று என் வீட்டில் கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. முப்பிடாதி கோவில்பட்டி டவுன்காரன். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. ராஜமணி முதலாளியின் தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி அடுக்குகிறவர்கள்கூட 'ஆபீசுக்குப் போறேன்' என்பார்கள்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பான். பேச்சு மட்டும் குறைவு. நாம் பத்து நிமிஷம் தொண்டை வறளப் பேசினால் கடைசியில் 'சரி' என்பான். எனக்கு அதில் எரிச்சல் வரும். ஆனால் மட்டையைக் கையில் எடுத்தால் ஆளே வேறு. கல்லூரி அணியில் அவன்தான் சென்டர் ஹாஃப். எனக்கு ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை தெரியாது. இருந்தாலும் அவன் விளையாடுவதைப் பார்ப்பதற்காகக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே ஊருக்குப் போயிருக்கிறேன்.

படித்து முடித்த பிறகும் அவன் தினமும் ஆபீஸ் விட்டதும் கல்லூரி மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தான். அவனோடு இன்னும் சில பழைய ஆட்கள். எழுபத்திரண்டாம் வருடம் புதுப் பிரின்சிபால் வந்தார். ஒரு நாள் சாயங்காலம் முப்பிடாதி வந்தால் கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே வாட்ச்மேன் சுடலைமாடன், பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

"ஏ முப்பிடாதி, கோவிச்சுக்காதப்பா. உன்னை உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்காவ."

"எம் பேரைச் சொல்லியா போட்டிருக்காவ?"

"பேரு போடலை. வெளியாளுன்னு போட்டிருக்கு."

முப்பிடாதி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். "நேத்துவரைக்கும் நீரே எனக்குத் தண்ணி கொண்டாந்து தந்தீரே. இன்னைக்கு நான் வெளியாளா?" என்று கேட்டிருக்கிறான். சுடலைமாடன் பிற்பாடு என்னிடம் சொன்னது: "அவன் சத்தம் போட்டிருந்தான்னா நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவன் மெதுவாக் கேட்டான். எனக்கு மனசு கேக்கல."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தான். அவர் மோசமானவர் இல்லை, சட்டம் பேசுகிறவர். தனி ஆளுக்கு அனுமதி கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும், பழைய மாணவர்கள் ஓர் அமைப்பாக வந்து கேட்டால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முப்பிடாதி 'சரி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த என் கையை வந்து பிடித்தான். "ராமசுப்பு, நீ சங்கத்துல ஒரு உறுப்பினர்" என்றான். "என்ன சங்கம்லே?" என்றேன். "இப்ப ஆரம்பிச்சிருக்கோம்லா, அது." அந்தக் கடையிலேயே இன்னும் சில பேர் சிக்கினார்கள். அதில் ஒருவர் அப்போதுதான் வக்கீலானவர். கறுப்புக் கோட்டு வைத்திருந்த ஒரே காரணத்துக்காக அவரைத் தலைவராக்கினோம். முப்பிடாதி செயலாளர். கல்லூரியின் முன்னேற்றத்துக்கு அயராது பாடுபடுவது சங்கத்தின் நோக்கம் என்று வக்கீல் எழுதினார். "ஐந்து மணிக்குக் கேட் திறக்கணும்னு எழுதலையா?" என்று முப்பிடாதி கேட்டான். "அதெல்லாம் இதுக்குள்ள அடங்கிரும்" என்றார் அவர்.

பிரின்சிபால் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லது. முன்னேற்றத்துக்கு முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முப்பிடாதிதான் சொன்னான்: "மைதானத்தைச் சரி பண்ணுதோம் சார்." அந்த வார்த்தைக்குக் கேட் திறந்தது.

மைதானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சாலையை ஒட்டிக் கிடந்த கரிசல் காடு, அவ்வளவுதான். சித்திரையில் பந்தை விழுங்குகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். மழை பெய்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் கால் வைக்க முடியாது. வைத்தால் செருப்போடு சேர்ந்து நாலு கிலோ மண்ணும் கூடவே வரும். அதன் மேல் செவல் மண்ணை, அதாவது சிவப்பு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டினால்தான் மட்டை பிடித்து விளையாடத் தரை கிடைக்கும். அதற்குச் சங்கத்திடம் காசு ஏது? உறுப்பினர்களில் பாதிப் பேர் என்னைப் போலக் காட்டை நம்பி இருந்தவர்கள். பருத்தி வந்தால்தான் எங்கள் பையில் ஏதாவது இருக்கும்.

"அப்பம் சந்தா காசா வேண்டாம். ஒரு வண்டி செவல் மண்ணு. அதுதான் சந்தா" என்றான் முப்பிடாதி.

கரிசலுக்கு நடுவே அங்கங்கே செவல் திட்டு கிடக்கிற பூமி இது. எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. வைகாசியில் காட்டு வேலை எதுவும் கிடையாது. மாடுகள் சும்மா நின்று தின்றுகொண்டிருந்தன. முதல் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவனைப் போல எனக்கு ஒரே மிதப்பு. பிறகு ஒவ்வொன்றாக வண்டிகள் வந்தன. மட்டையைத் தொட்டுப் பார்த்தே இராத ஆட்களெல்லாம் மண்ணோடு வந்து உறுப்பினர் ஆனார்கள்.

புதூர்ப் பக்கத்துச் சங்கிலிப்பாண்டிதான் எல்லாரையும் மிஞ்சினான். அவ்வளவு தூரம் மாட்டு வண்டி கட்டி வர முடியாது. சாக்கில் மண்ணைக் கட்டிப் பஸ் கூரையில் ஏற்றிவிட்டான். கண்டக்டர் மூட்டையில் என்ன என்று கேட்டிருக்கிறார். மண் என்று இவன் சொல்லியிருக்கிறான். "விளையாடுதியா? வத்தல்னு சொல்லு, பருப்புன்னு சொல்லு, நம்புதேன். காசு கொடுத்து மண்ணை எவனாவது கோவில்பட்டிக்குக் கொண்டு போவானா?" என்று அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்திருக்கிறார். மண்ணுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கிய ஒரே பட்டதாரி சங்கிலிப்பாண்டியாகத்தான் இருப்பான். ஒரு வண்டி அளவு சேரும்வரை கோவில்பட்டிக்கு வரும்போதெல்லாம் ஒரு மூட்டை கொண்டுவந்தான்.

யார் மண் எங்கே கொட்டியதோ அந்த இடத்துக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. "பந்து புதூருக்குப் போயிட்டுடோய்" என்று கத்துவார்கள். "விளாத்திகுளத்துல வச்சு மட்டையைத் தூக்கிட்டான், ஃபவுல்" என்பார்கள். வெளியூர் அணிக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மண் கொட்ட வந்தவர்கள் கொட்டிவிட்டு உடனே போய்விடவில்லை. வேப்ப மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் பேசினார்கள். யார் தம்பிக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலி, யார் வீட்டில் பெண் இருக்கிறது, எல்லாம் அங்கேதான். கல்லூரி வாசலில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ் நின்று போக ஆரம்பித்ததும் அந்த மரத்தடிப் பேச்சால்தான். சங்கம் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆண்டு மலரில் இதெல்லாம் இல்லை.

முப்பிடாதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் இந்த மைதானத்தை வைத்துத்தான். பெண் விளாத்திகுளம் பக்கம், வெயிலுகந்தம்மாள். அவளுடைய அய்யா மிளகாய் போடுகிற சம்சாரி. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர், "மாப்பிள்ளைக்கு நிலம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். முப்பிடாதி நிமிர்ந்து, "நிலம் கிடையாது மாமா. ஒரு மைதானம் இருக்கு" என்றான். கூடப் போயிருந்த எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த மனுஷருக்கு என்ன பிடித்துப்போனதோ, அடுத்த சந்தை நாளில் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையன் பொய் சொல்லவில்லை என்று சம்மதித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து சீர் வண்டி வந்தது. மேலே அண்டா, குத்துவிளக்கு, பாய், தலையணை. அடியில் ஒரு வண்டி செவல் மண். நிலம் இல்லாத மாப்பிள்ளை சந்தா செலுத்த மண்ணுக்கு எங்கே போவான் என்று அவராகவே யோசித்திருக்கிறார். உடனே சங்கத்தில் விவாதம் வந்துவிட்டது. படிக்காத மாமனார் கொடுக்கிற மண் சந்தா ஆகுமா? வக்கீல் தலைவர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, நெருங்கிய சொந்தக்காரர் உறுப்பினருக்காகச் செலுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கோல் கம்பத்துக்கு முன்னால்தான் தரை அதிகம் தோண்டிப்போகும் என்பதால் அங்கே கொட்டினார்கள். மாமனார் மண் என்று பெயர் ஆயிற்று.

"அண்டாவை வீட்டுல இறக்கிட்டு, மண்ணை இறக்க என்னையும் கூட்டிட்டுப் போனாவ. கல்யாணச் சேலையோட வெயில்ல நின்னேன்" என்று வெயிலுகந்தம்மாள் இன்றும் சொல்லிக் காட்டுவாள். சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது.

இந்தச் சீர் மண் கதை ராஜமணி முதலாளி காதுக்குப் போனது. அவர் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். கையெழுத்துப் போடவே கஷ்டப்படுவார். அவருடைய மகன் செல்லத்துரை அப்போது எங்கள் கல்லூரியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற லாரி நிறையச் செவல் மண்ணோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதலாளியே முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"மாமனாரு கட்டலாம்னா தகப்பன் கட்டக்கூடாதா? எம் மவன் நாளைக்குப் படிச்சு முடிச்சா அவனும் பழைய மாணவன்தானே. அவன் சந்தாவை இப்பமே கட்டிருதேன்" என்றார்.

"எங்கன கொட்ட முதலாளி?" என்று முப்பிடாதி கேட்டான்.

"நடுவுல கொட்டச் சொல்லு. ஓரத்துல கொட்டுனா மழைக்குக் கரைஞ்சு ஓடிரும்."

கொட்டி முடிகிறவரை அங்கேயே நின்றார். மண் சரிந்து எழுந்த புழுதியில் அவர் வேட்டியெல்லாம் சிவப்பு. போகும்போது முப்பிடாதியின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பயகிட்டச் சொல்லிராத. போன மாசம் பீஸு கட்ட நான் இப்படி வந்து நின்னதுக்கே, கூடப் படிக்கிறவன் பாத்துட்டான்னு ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. வெக்கப்படுதான். சின்னப் பய, விடு." முப்பிடாதி 'சரி' என்றான்.

காலம் ஓடியது. முப்பிடாதிக்கு வயது ஏற ஏற மைதானத்தில் இடம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. சென்டர் ஹாஃப் ஃபுல் பேக் ஆனான். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பேடைக் கட்டிக்கொண்டு கோல் கீப்பராக நின்றான். அதாவது மாமனார் மண்ணில் போய் நின்றான். "எங்க அய்யா முன்கூட்டியே இடம் போட்டு வச்சிருக்காரு" என்று வெயிலுகந்தம்மாள் கிண்டல் செய்வாள். தொடங்கிய நாளிலிருந்து செயலாளரும் அவன்தான். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பது காரணம்.

ராஜமணி முதலாளி காலமானார். செல்லத்துரை பி.காம். முடித்து ஆபீசை எடுத்து நடத்தினார். முப்பிடாதிக்கு இப்போது அவர்தான் முதலாளி. எண்பத்தைந்தில் சங்கத்துக்கும் தலைவரானார். குறை சொல்லக்கூடாது, நல்ல சுறுசுறுப்பு. அவர் வந்த பிறகுதான் ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு அப்பளம் வந்தது. சந்தாவும் காசாக மாறியது. மண் யாருக்கு வேண்டும் இப்போது என்று எல்லாரும் அதை மறந்தே போனார்கள்.

அடுத்த வருடம் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. பழைய மாணவர் சங்கத்துக்கு ஓர் அரங்கம், அய்யா ராஜமணி நினைவாக. முழுச் செலவும் அவருடையது. கல்லூரிக்கு ஒரே சந்தோஷம். இன்ஜினீயர் வந்து பார்த்தார். கல்லூரி இடம் முழுக்கக் கரிசல்; ஒரே ஓர் இடம்தான் கெட்டியாக, மேடாக, சாலையைப் பார்த்து இருந்தது. அங்கேயே கட்டிவிடலாம் என்று குறித்துவிட்டுப் போனார். அது ஹாக்கி மைதானம்.

"ஊருக்கு வெளிய வேற இடம் பாத்து மைதானம் போட்டுக்கலாம் அண்ணாச்சி. ஆவணி மாசக் கூட்டத்துல நீங்கதான் தீர்மானத்தை வாசிக்கணும். அய்யா பேருல கட்டுதோம், உங்க வாயால சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்று செல்லத்துரை ஆபீசில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அவர் மனதார மரியாதை கொடுத்துத்தான் சொன்னார். முப்பிடாதி 'சரி முதலாளி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

நான் கூட்டத்துக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது ஆள் பாதியாக இருந்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கேட்டைத் திறக்கச் சங்கம் ஆரம்பிச்சோம். இப்பம் அந்தச் சங்கமே மைதானத்தை மூடுது. நீ அதை எந்திரிச்சு நின்னு வாசிக்கப் போற, என்னலே? நடுவுல கிடக்கிறது அவிய அய்யா கொட்டின மண்ணுன்னு செல்லத்துரைகிட்டச் சொல்லித் தொலையேன்."

"சொல்லாதேன்னு சொல்லிட்டாவ."

"சொன்னவர் செத்தே போயிட்டாரு."

"அதனாலதான் சொல்ல முடியாது. உயிரோட இருந்தா, சொல்லட்டுமான்னு கேட்டிருப்பேன்."

இதற்கு மேல் இவனிடம் என்ன பேசுவது? தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்தாள். "கட்டடம் கட்டட்டும் அண்ணே. யாரு வேண்டாம்னா? சம்பந்தம் முறிஞ்சா சீரைத் திருப்பிக் கேக்கிறது வழக்கம்தானே. எங்க அய்யா கொடுத்த மண்ணைத் திருப்பித் தந்திரச் சொல்லுங்க. நான் ஓலைக் கடகத்துல அள்ளிட்டு வந்திருதேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று பஸ் ஸ்டாண்டில் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தபோது இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைல்லா அது" என்று சொல்லிவிட்டு, மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே புதூர் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. நான் போனபோது கல்லூரிக் கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நின்றன. மாட்டு வண்டிகள், நடுவே ஒரு டிராக்டர். பழைய ஆட்கள் எல்லாரும், தலையில் நரையோடு, தோளில் மம்பட்டியோடு. சங்கிலிப்பாண்டி கையில் மடித்த சாக்குகள். சுடலைமாடன் அதற்குள் வேலையில் இருந்து நின்றுவிட்டார். வேடிக்கை பார்க்க அவரும் வந்திருந்தார். வெயிலுகந்தம்மாள் சொன்ன சொல் தவறாமல் கடகத்தோடு நின்றாள். முப்பிடாதி கையில் தீர்மானத்தோடு மேடையருகே நின்றுகொண்டிருந்தான். யாரையும் அவன் வரச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது.

செல்லத்துரை காரை விட்டு இறங்கி வந்தார். "என்ன அண்ணாச்சி இது, எல்லாரும் வண்டி கட்டிட்டு வந்திருக்கிய?"

சங்கிலிப்பாண்டி கும்பிட்டான். "கட்டடம் கட்டுதீங்கன்னு கேள்விப்பட்டோம். நல்ல காரியம். கடைக்கால் தோண்டும்போது இந்த மண்ணு உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும். நாங்க கொடுத்ததை நாங்களே எடுத்துட்டுப் போயிருதோம்."

அந்தக் குரலில் நக்கல் ஏதும் இல்லை. சங்கிலிப்பாண்டிக்கு நக்கல் வராது. அதனால்தான் செல்லத்துரையால் கோபப்படவும் முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. "யாரு மண்ணு எங்க கிடக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். நான் என் மூலையில் போய் நின்றேன். விளாத்திகுளத்துக்காரர்கள் அவர்கள் பக்கம். சங்கிலிப்பாண்டி புதூரில். வெயிலுகந்தம்மாள் கோல் கம்பத்துக்கு முன்னால் போய்க் குந்தி, களைக்கொத்தை எடுத்து மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தாள். இத்தனை வருடம் உருளை ஓடிய தரை. 'டங் டங்' என்று சத்தம்தான் வந்தது. கைப்பிடி மண்தான் பெயர்ந்தது. அவள் விடவில்லை.

மைதானத்தைச் சுற்றி ஆள் நின்றது. நடு மட்டும் காலியாக இருந்தது.

செல்லத்துரை அதைப் பார்த்தார். "நடுவுல யாரு மண்ணு? அவரு வரலையா?" என்று கேட்டார்.

எங்களில் சிலருக்குத் தெரியும். எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தோம். அவன் கையில் இருந்த தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்தான்.

"அது உங்க சந்தா, முதலாளி."

"என் சந்தாவா? நான் எப்பம் மண்ணு கொடுத்தேன்?"

"நீங்க பி.யூ.சி. படிக்கும்போது பெரிய முதலாளி கட்டினாவ. பண்டல் லாரியில மண்ணைக் கொண்டாந்து, கொட்டி முடிக்கிற வரைக்கும் அங்கனதான் நின்னாவ."

செல்லத்துரை மெதுவாகக் கேட்டார்: "இத்தனை வருசம் ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லலை? தினமும் எம் முன்னாலதான் உக்காந்திருக்கிய."

முப்பிடாதி தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நானாக இருந்தால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவனுக்கு அதெல்லாம் தெரியாது.

"நீங்க வெக்கப்படுவியன்னு, சொல்லாதேன்னு சொன்னாவ."

அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. செல்லத்துரை முகத்தில் ரத்தமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்திருப்பார்கள். அவர் மறுக்கவில்லை. "ஆமா. வெக்கப்பட்டேன்" என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் நடந்தார். வெள்ளை வேட்டியில், வெயிலில், அத்தனை பேர் பார்க்க நடந்து போய் நடுவில் நின்றார்.

"இங்கனயா நின்னாவ?"

"இன்னும் ரெண்டு எட்டு இந்தப் பக்கம்" என்றான் முப்பிடாதி.

அவர் இரண்டு எட்டு நகர்ந்து நின்றார். மாடுகள் தலையாட்டுகிற மணிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத் தீர்மானம் எதுவும் வாசிக்கவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார்கள், அப்பளம் உண்டு. அரங்கம் பிறகு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம், கரிசலிலேயே கட்டினார்கள். ஒரு மழைக்காலம் போனதும் சுவரில் வெடிப்பு விட்டது. வருடா வருடம் சிமென்ட் பூசிக்கொண்டிருக்கிறோம். செல்லத்துரை அதற்கு முணுமுணுத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் வண்டிக்காரர்கள் புறப்பட்டுப் போன பிறகும் அவர் போகவில்லை. விளையாட ஆட்கள் இறங்கினார்கள். ஆட்டத்தை நடுவிலிருந்து தொடங்கி வைக்கும்படி அவர் கையில் மட்டையைக் கொடுத்தோம். அவருக்கும் என்னைப் போலத்தான், மட்டை பிடிக்கத் தெரியாது. ஓங்கி அடித்ததில் பந்து அங்கேயே கிடந்தது; செவல் மண் மட்டும் கொஞ்சம் பெயர்ந்து தெறித்தது. அவர் குனிந்தார். பெயர்ந்த மண்ணைக் கையால் அள்ளி, அதே குழியில் போட்டு, வெறுங்காலால் மிதித்துச் சரி செய்தார். அந்தப் பக்கம் கோல் கம்பத்தடியில் வெயிலுகந்தம்மாளும் கடகத்திலிருந்த கைப்பிடி மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். மிதித்து முடித்துவிட்டு நகர்ந்து, "ம், வந்து நில்லுங்க" என்றாள். முப்பிடாதி பேடைக் கட்டிக்கொண்டு போய் நின்றான்.